தகரத்தின் மேல் புதுக் கருப்பு

பல் டாக்டரின் சிவப்புக் கார் மறுபடியும் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தபோது எல்லார் கண்ணும் என் மேல்தான். நான் பிறப்பதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் அது. போன வாரம் அதன் கிளட்ச்சுக்கு, பெடலை மிதித்தால் குழாயில் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக மாட்டியவள் நான். இந்த வாரம் கிளட்ச்சை முழுசாக மிதித்து ரிவர்ஸ் போட்டாலும் கியர் நறநறவென்று கடிக்கிறது.

"இன்ஜினியரம்மா ஏர் எடுக்கிறேன்னு சொல்லி காத்த உள்ளயே வச்சு மூடிட்டாங்க," என்றார் மேஸ்திரி. நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே வாயைத் திறப்பவர். நாலு பேர் சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. "சாயந்தரம் டாக்டர் வர்றாரு. அதுக்குள்ள சரியாகலன்னா, நாளையிலருந்து நீ முன் ரூம்ல உக்காந்து போன் எடும்மா. ஸ்பேனர் வேணாம்."

எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். போன் எடுக்கவா மெக்கானிக்கல் படித்தேன்? அதற்கு வாய் போதும். வாய் எனக்கு டிகிரிக்கு முன்னாலேயே இருந்தது.

சந்தேகம் மேஸ்திரி மேல். நான் சேர்ந்த நாளிலிருந்து என் டூல்ஸில் ஏதாவது ஒன்று காணாமல் போகும். அப்புறம் அவர் மேஜையடியில் கிடைக்கும். கார் வெளியே போவதற்கு முன் ஒரு நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அதனால் என் சொந்த அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவன் அங்கேயே டிங்கர். நசுங்கிய தகரத்தை நிமிர்த்தி, பட்டி வைத்து, பெயிண்ட் அடிப்பான். அவன் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, நான் வண்டிக்குக் கீழே படுத்தேன்.

"அமுக்கிட்டேன்."

"பிடிச்சுக்கோ... ம், விடு."

குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்தால் ஆயில் சுத்தமாக வந்தது. மருந்துக்குக்கூட ஒரு குமிழி இல்லை. நட்டெல்லாம் இறுக்கமாக இருந்தது. எங்கேயும் கசிவில்லை. பெடலும் கெட்டியாகத்தான் இருந்தது; உள்ளே காற்று இருந்தால் பஞ்சு மாதிரி அமுங்கும். ஆனால் கியர்பாக்ஸ் ஓரத்திலிருக்கும் கீழ்ச் சிலிண்டரின் கம்பி, தள்ள வேண்டிய தூரத்தில் பாதிதான் தள்ளியது. மேலே கால் முழுசாக இறங்குகிறது. கீழே பாதிதான் வந்து சேருகிறது. மீதியை நடுவில் எவனோ அமுக்கிக்கொள்கிறான்.

"காத்து இன்னும் இருக்கும்டி. மறுபடி எடு," என்றான் அண்ணன்.

"குமிழியே வரலயே."

"உனக்குத் தெரிஞ்சிருக்காது. நீ மட்டும் தப்பே பண்ணமாட்டியா? மறுபடி எடு."

அங்கேதான் எனக்கு உறுத்தியது. 'போதும், விடு' என்பதைத் தவிர எந்த வேலையைப் பற்றியும் வேறு பேச்சுப் பேசாதவன் என் அண்ணன். சோறு வடிப்பதிலிருந்து சுவரில் ஆணி அடிப்பது வரை அவனுக்கு எல்லாமே போதும், விடு.

எழுந்து பானட்டைத் திறந்து டார்ச்சை அடித்தேன். "இப்ப அமுக்கு," என்றேன்.

"கால் வலிக்குது," என்று இறங்கிப் போய்விட்டான்.

வேறு வழியில்லை. "மேஸ்திரி, கொஞ்சம் வந்து மிதிங்க."

"நானா? காத்து என் பக்கம் வந்துடப் போகுது."

"வந்தா மூக்கப் பிடிச்சுக்குங்க."

தொப்பையை ஸ்டீயரிங்குக்கு அடியில் திணித்து உட்கார்ந்து, ஓங்கி மிதித்தார். இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தகரச் சுவர் உண்டு. மாஸ்டர் சிலிண்டர் அதில்தான் மாட்டியிருக்கும். அந்தத் தகரம் கன்னம் உப்புவதுபோல, சிலிண்டரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்து வந்தது. காணாமல் போன பாதி மிதி அங்கேதான். அவர் காலை எடுத்ததும் உள்ளே போனது.

ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். கருப்புப் பெயிண்ட் தோலாக உரிந்தது. கீழே பட்டி. பட்டிக்குக் கீழே, போல்ட் ஓட்டையிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு வெடிப்பு, உள்ளெல்லாம் துரு. நான் போன வாரம் போல்ட்டை முறுக்கியதில் பட்டி விட்டுப்போயிருக்கிறது.

மேஸ்திரி இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு ஜோக் எதுவும் வரவில்லை. "ரெண்டு மாசம் முன்னாடி இந்த வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சது யாருன்னு தெரியும்ல?" என்றார்.

தெரியாமல் என்ன.

அண்ணன் பின்கட்டில் கலர் கலக்கிக்கொண்டிருந்தான்.

"வெடிப்பு தெரிஞ்சுதான மூடுன?"

"வெல்டு வைக்கணும்னா டேஷ்போர்டு, ஸ்டீயரிங் எல்லாம் கழட்டணும். டாக்டர் கால்ல வெந்நி ஊத்திக்கிட்டு நின்னாரு. ஓடும்னு நெனச்சேன்."

"காலையிலருந்து நான் கீழ படுத்துக் கெடந்தனே, அப்பவும் உனக்குத் தெரியும்."

கலக்குவதை நிறுத்தாமல் சொன்னான்: "காத்துன்னே சொல்லிடு. உனக்கு டிகிரி இருக்கு, எங்க போனாலும் பொழச்சுப்ப. எனக்கு என்ன இருக்கு?"

"அந்த ஆளு நடுரோட்டுல கியர் விழாம லாரி முன்னாடி நின்னிருந்தா?"

"நிக்கல இல்ல?"

அந்த 'நிக்கல இல்ல'வில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பக்கம் முதலாளியின் குரல் கேட்டது. போனேன்.

"என்னம்மா, காத்து போச்சா?"

"காத்தே இல்ல சார். தகரம் வெடிச்சிருக்கு. பட்டி வச்சு மூடியிருக்காங்க."

"யாரு?"

மேஸ்திரிக்கும் தெரியும். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கொடுத்த மரியாதையா, வேடிக்கை பார்க்கிற ஆசையா, இன்றுவரை விளங்கவில்லை.

"எங்க அண்ணன்."

வெல்டருக்கு ஆள் போனது. டாக்டருக்கு முதலாளியே போன் போட்டு வர வேண்டாம் என்றார். என் ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது. முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, "உன் சாமானெல்லாம் எடுத்துக்கோப்பா," என்றார்.

நான் கிளம்பும்போது என் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் துணி சுற்றிய ஸ்பிரே கன். காலையில் ஒரே வண்டியில் வந்தவர்கள். அவன் வேறெப்படிப் போவான்?

"ஏறு."

ஏறினான். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து சொன்னான்: "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ சொன்னா போலீஸ் ஸ்டேஷன்ல சொல்ற மாதிரி இருக்கும்."

"என்ன சொல்லுவ?"

"நடந்தத."

கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, சொல்லு," என்றேன். "நான் பக்கத்துல நின்னு கேக்குறேன்."