நாலு மணிக்கு எடுக்கலாம்

காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தரைத்தகட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். பொத்தென்று கேட்டது. கூடவே ஒரு கைப்பிடி துரு அவள் நெற்றியில் கொட்டியது.

"நல்லது," என்றார் அப்பா, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

நல்லதாம்! அவள் வாயில் விழுந்த துருவைத் துப்பினாள்.

கொட்டகைக்கும் அவர் படுத்திருந்த அறைக்கும் ஒரே சுவர்தான். உயரத்தில் கையகலத்துக்கு ஒரு ஜன்னல். முப்பத்தெட்டு வருஷம் ஊரார் கார்களின் நசுங்கலை நிமிர்த்திய டிங்கர் அவர். தன்னுடைய காரை மட்டும் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று துருப்பிடிக்க விட்டார். இப்போது எழுந்து உட்காரக்கூட முடியவில்லை, ஆனால் காது மட்டும் ஓய்வு பெறவில்லை. நல்ல தகடு கணீரென்னும், உளுத்தது பொத்தென்னும். அவள் தட்ட வேண்டும், அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நல்லதென்றால் சாக்பீஸால் வட்டம், சொத்தை என்றால் பெருக்கல் குறி. வட்டம் அதிகமானால் அவள் சேமிப்பைப் போட்டுக் காரைச் சரிசெய்வது, பெருக்கல் அதிகமானால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது. இதுதான் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு.

அந்தச் சேமிப்பு ஒன்றும் மரத்தில் காய்த்ததில்லை. பதினோரு வருஷம் யாரோ ஒருவருடைய மூக்குக் கண்ணாடிக் கடையில் நின்று, கண்டவர் மூக்குக்கெல்லாம் ஃபிரேம் வளைத்துச் சேர்த்தது. சொந்தமாக ஒரு கடை போட இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். ஒன்று கடை, இல்லை கார். இரண்டுக்கும் தாங்காது.

மூன்று நாளாக வட்டம், வட்டம், வட்டம். ஓட்டையில் விரலை விட்டுக் காட்டினாலும் நல்லது என்பார் போலிருந்தது.

"அப்பா, இது பொத்துங்குது. காது கேக்குதா இல்லையா?"

"யாருக்கு? எனக்கா? வட்டம் போடும்மா, பேசாம."

போட்டாள். சாகக் கிடக்கிறவரோடு என்ன வழக்கு என்று போட்டாள்.

முன்சக்கரப் பக்கம் நகர்ந்து தட்டினாள். பதில் இல்லை. தூங்கிவிட்டார் போலும் என்று நினைத்து, இருந்தாலும் விடாமல் தட்டிக்கொண்டே போனாள். மதிய வெயில் கொட்டகைக் கதவிடுக்கில் கோடாக விழுந்திருந்தது. அதில் தூசி அசையாமல் நின்றதை அவள் வேடிக்கை பார்த்தாள்.

"சொத்தை."

அவள் கை அப்படியே நின்றது. அந்தக் குரலில் இருமல் இல்லை, இழுப்பு இல்லை. பட்டறையில் நின்று பேசுகிற பழைய குரல்.

இன்னொரு இடத்தில் தட்டினாள்.

"சொத்தை."

"என்னப்பா, திடீர்னு ஞானம் வந்துடுச்சு?"

"முன்னாடி சொன்னதும் சொத்தைதான். எல்லாமே. போதும், எழுந்து வா."

குரல் ஜன்னலிலிருந்து வரவில்லை. அவள் முகத்துக்கு இரண்டு சாண் மேலே, டிரைவர் சீட்டிலிருந்து வந்தது. சீட்டின் ஸ்பிரிங் ஒருமுறை முனகியது, யாரோ எடையை மாற்றி உட்கார்ந்ததுபோல.

முழங்கையால் உந்தி வெளியே வந்தாள். சீட்டில் யாரும் இல்லை. வீட்டுக்குள் ஓடினாள்.

அம்மா கட்டிலின் ஓரத்தில் அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டாரும்மா," என்றாள். "அரை மணி நேரம் இருக்கும்."

"என்னம்மா உளர்றே? இப்பதான் என்கிட்ட பேசினார்."

"கூப்பிடணும்னுதான் நினைச்சேன். நீ தட்டிக்கிட்டே இருந்தே. அது நின்னா இவர் போயிட்டார்னு ஆயிடுமேன்னு பேசாம இருந்துட்டேன்."

"அவர் குரல் கேக்கலையா உனக்கு?"

அம்மா அவளைப் பார்த்தாள். முகத்தில் இருந்த துருவை முந்தானையால் துடைத்துவிட்டாள். அப்பாவின் கை அதற்குள் குளிர்ந்திருந்தது.

மறுநாள் காலையில் அண்ணன் வந்து சேர்ந்தார். வீட்டு ஃபோன் ஓயவில்லை. யார் கூப்பிட்டாலும் கேட்டது ஒன்றுதான், எப்ப எடுக்கறீங்க? அம்மா யார் என்றுகூடக் கேட்காமல், "நாலு மணிக்கு" என்று சொல்லிச் சொல்லி வைத்தாள்.

நாலு மணிக்கு வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று அப்பாவைக் கொண்டுபோக வந்த வண்டி. இன்னொன்று, போன வாரம் காருக்கு விலை சொல்லிவிட்டுப் போயிருந்த பழைய இரும்புக்காரரின் லாரி. எந்த நேரமும் கையில் காந்தத்தோடு திரிவதால் அவருக்குக் காந்தம் என்றே பெயர்.

"உங்களை யாருய்யா இப்ப வரச் சொன்னது?" என்று அண்ணன் பாய்ந்தார்.

காந்தம் வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அம்மாதாங்க சொன்னாங்க. எப்ப எடுக்கலாம்னு ஃபோன்ல கேட்டேன். நாலு மணிக்கு எடுக்கலாம்னாங்க. ஐயா போனது சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அவர் இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்," என்று சொல்லி, அப்புறம்தான் நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதாள்.

அண்ணன் தங்கையைத் தனியாக இழுத்தார். "லாரியைத் திருப்பி அனுப்பு. அந்தக் கார் அப்பாவோட கடைசி ஆசை. நீதானே சரி பண்றேன்னு ஒத்துக்கிட்டே?"

"என் கடையை வித்துப் பண்ணணுமா அண்ணே?"

"இல்லாத கடையை எங்க விக்கறது? நானும் அப்பப்ப ஏதாவது பாத்துத் தரேன்." அந்த அப்பப்பவை அவள் இருபது வருஷமாகப் பார்த்து வருகிறாள்.

அவள் கொட்டகைக்குள் போனாள். மறுபடி காருக்கு அடியில் நுழைந்து, தான் போட்ட வட்டம் ஒன்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் முழுசாக உள்ளே போனது. அடுத்த வட்டமும் அப்படியே. அதற்கடுத்ததும். தகடு பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. முப்பத்தெட்டு வருஷம் தகட்டைப் பற்றி யாரிடமும் ஒரு பொய் சொல்லாத மனிதர், பெற்ற பெண்ணிடம் மூன்று நாள் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார். ஆசை அப்படி. எதுவும் வேண்டாம் என்று ஆன பிறகுதான் உண்மை சொல்ல வந்திருக்கிறார். அவளுக்குக் கோபத்தில் அழுகை வந்தது, பாசத்திலும்தான். இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? அம்மாவிடம்கூடச் சொல்லப் போவதில்லை.

டிரைவர் சீட்டைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

கொட்டகைக் கதவும் வீட்டு வாசலும் ஒரே முற்றத்தில்தான் திறக்கும். வாசலில் நான்கு பேர் ஸ்ட்ரெச்சரின் நான்கு முனையிலும் நின்றிருந்தார்கள். கொட்டகைப் பக்கம் காந்தத்தின் ஆட்கள் நான்கு பேர், காரின் முன்பக்கத்தைத் தூக்க வந்து நின்று, என்ன செய்வதென்று விழித்தார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றே?" என்றார் அண்ணன்.

"எடுங்க," என்றாள்.

இரண்டு பக்கத்திலும் ஆட்கள் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.