திருப்பி வைத்த டிரம்ஸ்

எங்கே கச்சேரி என்றாலும் ஹவியர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவார். சான் ஹோசேயில் எங்கள் சின்ன ஜாஸ் குழுவில் அவர் டிரம்ஸ், நான் பியானோ. ஐம்பதைத் தாண்டிய ஸ்பெயின்காரர். வார நாட்களில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பார். “அவரப் பாத்துக் கத்துக்கோங்க” என்று என் கணவர் ஜாக்சனைக் குத்திக்காட்டுவேன். ஜாக்சன் சர்ச்சுக்கே பிரசங்க நேரத்துக்குத்தான் வந்து சேருவார்.

ஹவியர் முன்னதாக வருவதற்குக் காரணம் வேறு. அவருக்கு வாத்தியார் கிடையாது. தன் ஊரான சரகோசாவில் அப்பாவின் மதுக்கடை டிவியைப் பார்த்தே வாசிக்கப் பழகியவர். திரையில் வலப்பக்கம் தெரிந்ததைத் தன் வலப்பக்கம் வைத்துக்கொண்டார். ஊரெல்லாம் வைப்பதற்கு அது நேர் எதிர் என்று தெரிந்தபோது கை பழகிவிட்டிருந்தது. அதனால் மற்றவர்கள் வருமுன் போய், அங்கிருக்கும் டிரம்ஸை இடவலம் மாற்றி வைத்துவிடுவார். எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

சென்ற மாதம் ஒரு பெரிய குழு, ஊர் ஊராகப் போக டிரம்மர் தேடியது. “இதுவும் இல்லையென்றால் ஸ்பெயினில் தம்பி வீட்டுக்கே திரும்பிவிடுவேன். ஏணி ஏற முட்டி கேட்கவில்லை” என்றார் ஹவியர். தேர்வு நாளன்று பார்த்து அவர் வேன் மக்கர் செய்தது. ஜாக்சன்தான் காரில் கூட்டிப்போனார். நானும் ஏறிக்கொண்டேன்.

“ஃப்ரீவேல ஆக்சிடென்ட், கிருபா. நான் என்ன பண்ணட்டும்?”

“நீங்க கெளம்புனதே லேட்டு. பேசாம டிரைவ் பண்ணுங்க.”

உள்ளே நுழையும்போதே ஹவியர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும்போல வைத்திருந்த டிரம்ஸைப் பார்த்தபடி அவர் நின்றார்.

“இடது கைக்காரரா? மாற்றி வைக்க வேண்டுமா?” என்று குழுத் தலைவி மார்லீன் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லித் தொலையுங்கள் என்று அவளுக்குப் பின்னாலிருந்து தலையாட்டினேன். மனுஷன் கேட்டால்தானே.

“இல்லை. தப்பாகக் கற்றுக்கொண்டவன். வழக்கமாக முன்னதாகவே வந்து திருப்பி வைத்துவிடுவேன்.”

யாரோ சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இப்போது மாற்ற நேரமில்லை. அப்படியே வாசியுங்கள்” என்றாள் மார்லீன்.

வாசித்தார். கைகள் பின்னிக்கொண்டு ஒரு குச்சி தரையில் விழுந்தது. நான் குனிந்துகொண்டேன். இன்னொரு முறை கேட்டு வாங்கினார். இந்தத் தடவை மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, முன்னால் இருந்த ஒற்றை டிரம்மை மட்டும் கம்பித் தூரிகையால் தேய்த்து மெல்ல வாசித்தார். பாஸ் வாசித்தவர் கேட்பதற்காக இரண்டடி நெருங்கி வந்தார். அத்தனை அழகு. ஆனால் ஒற்றை டிரம்முக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

“நன்றி, சொல்லி அனுப்புகிறோம்” என்றாள் மார்லீன். எல்லோருக்கும் சொன்னதுதான்.

காரில் திரும்பினோம். ஃப்ரீவேயில் எங்கள் எக்ஸிட் வரும்போது ஹவியர் போனில் செய்தி வந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

‘நீங்கள்தான் வேண்டும். உங்கள் டிரம்ஸை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் வைத்துவிடுவார்கள்.’

ஹவியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

“என்னாச்சு கிருபா? கெடைக்கலையா?”

“கெடச்சிருச்சு. நீங்க ரோட்டப் பாருங்க.”

ஹவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அப்படியானால் நான் எத்தனை மணிக்கு வர வேண்டும்?”

நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

“எல்லோரும் வருகிற நேரத்துக்கு வாருங்கள்” என்றேன்.