வலது பக்கத்துச் சுவர்

அந்தக் கார் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று பேர்: நான், என் கணவன் ஸ்டான், கொட்டகையில் நீட்டிப் படுத்திருக்கும் அந்த மகாராணி. அறுபத்திரண்டாம் வருடத்துச் சொகுசுக் கார், ஸ்டீயரிங் இடது பக்கம். துருப்பிடித்த வெறும் கூடாக வந்ததை ஸ்டான் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி மாட்டினான். கரும்பச்சைப் பெயிண்டை மட்டும் ஒரு குளிர்காலம் முழுக்க அடித்தான், தேய்த்தான், மறுபடி அடித்தான். நான் கதவைத் தொட்டால் போதும், பின்னாலேயே துணியோடு வந்து நிற்பான்.

எங்கள் சண்டையெல்லாம் பிரேக்கைப் பற்றித்தான். பழைய காலத்துப் பிரேக், நாலு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே குழாய்வழி. ஓரிடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று மாற்றிவிடலாம். அவனுடைய நண்பர்களே மாற்றியிருக்கிறார்கள்.

"பழைய கார் கண்காட்சியில நடுவருங்க பானெட்டத் தொறந்து பாப்பாங்க, டோரீன். ஃபாக்டரியில வந்த மாதிரியே இல்லன்னா மார்க்க வெட்டிருவாங்க."

"செத்தா முழு மார்க்கு போடுவாங்களா?"

சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கண்காட்சி மலைக்கு அந்தப் பக்கம். டிரெய்லரில் ஏறி வருவதெல்லாம் ஒரு காரா என்று கேட்பவன் ஸ்டான். அதனால் ஓட்டிக்கொண்டுதான் போனோம். சீட்டில் சிந்திவிடுமாம், எனக்குக் காபி கூடக் கிடையாது.

இறக்கத்தின் இரண்டாவது வளைவில் அவன் கால் பெடலோடு தரைவரை போனது.

"என்ன ஸ்டான்?"

"பிரேக் இல்ல."

மிதித்து மிதித்துப் பார்த்தான். கியரைக் குறைத்தான், எஞ்சின் ஊளையிட்டது. நிறுத்தி வைக்கும்போது போடும் பிரேக்கையும் அழுத்தினான். கருகல் வாடை வந்ததே தவிர வேகம் மட்டுப்படவில்லை. இடது பக்கம் பள்ளம். கீழே அடுத்த வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. வலது பக்கம், என்னை ஒட்டி, நீளமான கருங்கல் சுவர்.

"சுவத்துல ஒரசு ஸ்டான்! ஒரசி நிறுத்து!"

அவன் கை அசையவில்லை.

"ஸ்டான்!"

நானே ஸ்டீயரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். தகரம் கிழியும் சத்தத்தில் காது அடைத்துப்போனது. என் பக்கத்துக் கண்ணாடி நொறுங்கி மடியில் கொட்டியது. கார் உதறி உதறித் தேய்ந்து நின்றது. லாரி ஹாரன் அலற எங்களைத் தாண்டிப் போனது.

"அடி பட்டுச்சா?" என்றான்.

"இல்ல. எதுக்குடா யோசிச்ச?"

"சுவரு உன் பக்கம் இருந்துச்சு. உனக்கு ஏதாச்சும் ஆயிடுமேன்னு…"

"பொய் சொல்லாத. நீ என்னைப் பாக்கவே இல்ல. பானெட்டத்தான் பாத்த."

என் கதவு சுவரோடு ஒட்டிக்கிடந்தது. அவன் தன் பக்கம் இறங்கி, குனிந்து என்னைப் பார்த்தான்.

"ஆமா டோரீன். பெயிண்டத்தான் நெனச்சேன்."

எனக்குக் கோபம் பற்றி எரிந்தது. அது இனி அணையப்போவதும் இல்லை. ஆனால் அந்தப் பொய்யையே பிடித்துக்கொண்டு நின்றிருந்தானென்றால், நான் நேரே தங்கை வீட்டுக்குப் போயிருப்பேன். கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு அவன் பக்கமாக நகர்ந்து வெளியே வந்தேன்.