சேமிக்கப்பட்டது

சென்னை போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்து உட்கார்ந்தபோது அமலாவுக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. பயம் இன்னும் வந்து சேரவில்லை. விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் படியில் நின்றுகொண்டு "திண்டிவனம், திண்டிவனம்" என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார். மடியில் லேப்டாப் பை. பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸை ஆபீஸ் மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். யாரோ ஒரு நர்ஸ் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் மேல் பழியைப் போடுகிறாள், அதற்கு நான் வேகாத வெயிலில் அலைய வேண்டியிருக்கிறது என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே வந்தாள். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த எண்ணம் தலைவலி மாத்திரை மாதிரி. போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரத்துக்கு நிம்மதியாக இருக்கும்.

விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இரண்டு அறை எடுத்து மென்பொருள் கம்பெனி நடத்துகிறவர் சீனுவாசன். திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அவர் எப்போதோ ஜாவாவில் எழுதிக் கொடுத்த மென்பொருள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கட்டிக் காப்பது இப்போது அமலாவின் வேலை. போன திங்கட்கிழமைதான் அதில் புதிதாக ஒரு வசதியைச் சேர்த்துக் கொடுத்திருந்தாள். ஒரு நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை நர்ஸ் அதில் ஏற்றிவிட்டால், அவருடைய பக்கத்தைத் திறந்ததும் தலைமாட்டில் சிவப்பு எழுத்தில் அது நிற்கும். அதுவரை நர்ஸுகள் கேஸ் ஷீட்டில்தான் எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் காகிதத்தில் எழுதக்கூடாது, எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று ஆஸ்பத்திரி மேனேஜர் விருத்தாசலம் அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார்.

இன்று காலை பெருமுக்கல்லிலிருந்து பாஞ்சாலி என்ற அம்மாவைக் காலில் சீழ் வைத்த புண்ணோடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இன்ன ஊசி அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சேர்க்கும்போதே மகன் சொல்லியிருக்கிறான். கேட்டுக்கொண்டவள் புனிதா என்ற நர்ஸ். மதியம் வேலைக்கு வந்த இன்னொரு நர்ஸ் பாஞ்சாலியின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். சிவப்பு எதுவும் இல்லை. அதே ஊசியைப் போட்டுவிட்டாள். சற்று நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுத்துவிட்டது. நல்லவேளையாக டாக்டர் பக்கத்து வார்டிலேயே இருந்தார். உயிர் தப்பியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். காலையிலேயே ஏற்றிவிட்டேன் என்று புனிதா அடித்துச் சொல்கிறாள். பக்கமோ காலியாக இருக்கிறது.

கிளம்பும்போது சீனுவாசன் மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தார்.

"நீ ஒண்ணும் வாதாடாத. அவங்க கண்ணு முன்னாலயே ஒரு பேர போட்டுக் காட்டு. சேவ் ஆவுதா இல்லையான்னு அவங்களே பாத்துக்கட்டும். எங்க மேல தப்பு இல்லன்னு எழுதி வாங்கிக்கினு வந்துடு. இது நம்ம தலையில விடிஞ்சிதுன்னா கடைய மூட வேண்டிதான்மா."

அவர் அப்படிச் சொன்னதில் அமலாவுக்கு வருத்தமில்லை. கொரோனா சமயத்தில் ஒரு ஆளைக்கூட வீட்டுக்கு அனுப்பாமல் சமாளித்தவர் அவர். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் ஊர்ந்தபோது தன் சோதனைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மருந்துப் பெயரை ஏற்றி, வேறு பக்கத்துக்குப் போய், திரும்பி வந்து, இன்னொரு கம்ப்யூட்டரிலும் திறந்து பார்த்தாயிற்று. சிவப்பு அசையாமல் நின்றது. கூட்டேரிப்பட்டில் ஒரு பெண் பஸ்ஸுக்குள் ஏறி "அவிச்ச மல்லாட்ட, அவிச்ச மல்லாட்ட" என்று வேர்க்கடலைக் கூடையை நீட்டினாள். அமலாவுக்குப் பசித்தது. ஆனாலும் வாங்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பாஞ்சாலியின் மகன் நாலைந்து பேரோடு நின்று செக்யூரிட்டியிடம் கத்திக்கொண்டிருந்தான். "சொன்னமா இல்லையா? வாய் வலிக்கச் சொன்னமா இல்லையா?" அவனைத் தாண்டி உள்ளே போகும்போது அமலா தன்னையறியாமல் லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

விருத்தாசலத்தின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரமாக நின்றிருந்தவள்தான் புனிதா. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கண் சிவந்திருந்தது, அழவில்லை. அவளுக்கு முன்னால் மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைக்கப்பட்டிருந்தன.

"வாம்மா," என்றார் விருத்தாசலம். "மறந்துட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுன்னா, போட்டேன் போட்டேன்னு சாதிக்கிது. நீயே பாத்துச் சொல்லு. வெளியில அவங்க வேற கத்திக்கினு இருக்காங்க. பெரிய பேஜாரா போச்சு."

"போட்டேன் மேடம்," என்றாள் புனிதா. "சேமிக்கப்பட்டதுன்னு பச்சையா வந்துச்சு. மேல செவப்பா நின்னுச்சு. அத பாத்துட்டுத்தான் நான் அடுத்த பெட்டுக்கே போனேன்."

அமலா அவள் பக்கம் திரும்பாமல் மூலையிலிருந்த இன்னொரு கம்ப்யூட்டரின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சோதனை நோயாளி என்று ஒரு பெயரை, வயதும் படுக்கை எண்ணும் போட்டுச் சேர்த்தாள். ஒத்துக்கொள்ளாத மருந்து ஒன்றை ஏற்றிப் பொத்தானை அழுத்தினாள். பச்சை எழுத்து வந்தது. சிவப்பும் வந்தது. வேறு பக்கம் போய்த் திரும்பினாள். சிவப்பு இருந்தது. விருத்தாசலம் தன் கம்ப்யூட்டரிலும் திறந்து பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு வெள்ளைத் தாளைப் புனிதாவின் பக்கம் தள்ளினார்.

"வேலைய விட்டு அனுப்புறதுன்னா அனுப்புங்க சார். மறந்துட்டேன்னு மட்டும் என் கையால எழுத மாட்டேன். எழுதிட்டா, ஊசி போட்டு ஆள சாவடிக்கப் பாத்தவன்னு ஆயிடும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியில என்னைய சேத்துக்குவாங்க?"

அந்தக் குரல் அமலாவைத் தொந்தரவு செய்தது. அதில் கெஞ்சல் இல்லை. மறந்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். அதைவிட, பச்சையையும் சிவப்பையும் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன் என்று அவள் சொன்ன வரிசை. தானும் அப்படிப் பார்த்துவிட்டுத்தானே நகர்ந்தோம் என்று அமலாவுக்குத் தோன்றியது. அதற்கு மேல் தான் என்ன பார்த்தாள்?

"சார், இன்னிக்கு இந்த சர்வர் எப்பயாச்சும் ஆஃப் ஆச்சா?"

"இன்னிக்கு கரண்டு ஷட்டவுன் நாள் ஆச்சேம்மா. கரண்டு போயி ஜெனரேட்டர் போடுறதுக்குள்ள பேட்டரி பூடுச்சி. உடனே ஆன் பண்ணிட்டோம். அதுக்கின்னா? மத்த விவரமெல்லாம் அப்படியே இருக்குதே."

அமலா லேப்டாப்பைத் திறந்து, தான் புதிதாக எழுதிய கோப்பைத் தேடினாள்.

ஜாவாவில் எழுதுவதைக் கம்பைலர் என்ற நிரல் இயந்திரத்துக்கான கோப்பாக மாற்றிக் கொடுக்கும். இந்த மென்பொருளில் அதற்கு மேல் இன்னொரு படி உண்டு. என்ஹான்சர் என்று ஒரு கருவி. கம்பைல் ஆன கோப்பைத் திறந்து, மனிதர் யாரும் எழுதாத சில வரிகளை அது உள்ளே தைத்து வைக்கும். நோயாளியின் விவரத்தில் எது மாறினாலும் 'மாறிவிட்டது, எழுதி வை' என்று, விவரங்களை நிரந்தரமாக வைத்திருக்கும் தரவுத்தளத்துக்குக் குரல் கொடுப்பது அந்த வரிகள்தான். தைத்து முடித்த சட்டையைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க அனுப்புவது போன்ற வேலை. காஜா எடுக்காவிட்டாலும் சட்டை ஹேங்கரில் அழகாகத்தான் தொங்கும். நோயாளியின் விவரங்கள் இருக்கும் கோப்புகளெல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தன. கருவி அந்த ஃபோல்டரை மட்டும்தான் பார்க்கும். அமலா புதிதாக எழுதிய கோப்பை, அவசரத்தில், திரைகளுக்கான ஃபோல்டரில் வைத்திருந்தாள். அதுவோ முறையான வழியில் போகாமல் நோயாளியின் விவரத்துக்குள் நேராகக் கையை விட்டு மருந்தின் பெயரை எழுதியது. நேராகக் கை விடுகிற கோப்பும் கருவிக்குள் போய் வந்திருக்க வேண்டும். போகவில்லை. யாரும் தரவுத்தளத்துக்குக் குரல் கொடுக்கவில்லை. இயந்திரம் ஓடுகிற வரைக்கும் நினைவில் இருந்தது, நின்றதும் போய்விட்டது. சோதனையின்போது சர்வரை ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பச்சை எழுத்தை எழுதியவளும் அவள்தான். உண்மையிலேயே சேமிக்கப்பட்டதா என்று யாரையும் கேட்காமல், பொத்தானை அழுத்தியதுமே வந்து நிற்கும்படி எழுதியிருந்தாள்.

கைபேசி அடித்தது. சீனுவாசன். அமலா வராந்தாவுக்குப் போனாள்.

"இன்னாம்மா, காட்டிட்டியா?"

"சார், நான் புது ஃபைல என்ஹான்சர்ல போடல."

சீனுவாசன் குரலைத் தாழ்த்தினார்.

"நேரா பேஷண்ட் விவரத்த தொடுதா அது?"

"தொடுது சார்."

"சரி." அவர் அறைக் கதவைச் சாத்துவது கேட்டது. "சரி, பதறாத. யாராண்டயும் வாயத் தொறக்காத. லேப்டாப்புல சரி பண்ணி சத்தமில்லாம ஏத்திடு. ஜல்தியா முடிஞ்சிடும். அந்தம்மா பொழச்சிக்கிச்சு இல்ல? அந்த நர்ஸ் பொண்ணுக்கு நான் வேற எடத்துல சொல்லி வேலை வாங்கித் தரேன். சத்தியமா தரேன். இங்க ஆறு குடும்பம் இத நம்பிக்கினு இருக்குது அமலா. உன் குடும்பமும்தான்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. வேலை போனால் வீட்டில் என்ன ஆகும் என்பது அமலாவுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வராந்தாவிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கதவு வழியாகப் புனிதாவின் முதுகு தெரிந்தது. விருத்தாசலம் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் கையில் திணித்துக்கொண்டிருந்தார். அவள் அதை வாங்கிக்கொண்டுவிட்டாள். பிடித்துக்கொண்டு நின்றாளே தவிரக் குனியவில்லை. இன்னும் கொஞ்சம் நேரம் போனால் குனிந்துவிடுவாள் என்று அமலாவுக்குத் தெரிந்தது. எவ்வளவு உறுதியான ஆளும் எத்தனை நேரம்தான் தனியாக நிற்க முடியும்?

"சார், நான் அப்புறம் பேசுறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"சர்வர ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும் சார்."

"எதுக்கு?"

"பண்ணுங்க சார். தெரியும்."

மேசைக்கடியில் இருந்த சர்வரை அணைத்தார்கள். விசிறிச் சத்தம் நின்றது. திரும்பப் போட்டார்கள். திரையில் ஏதேதோ வரிகள் ஓடின. மென்பொருள் ஏறியதும் சோதனை நோயாளியின் பக்கத்தைத் திறந்தாள். பெயர் இருந்தது, வயது இருந்தது, படுக்கை எண் இருந்தது. தலைமாட்டில் வெறும் வெள்ளை.

"அவங்க போட்டாங்க சார். நான் எழுதுனதுதான் தப்பு. பொத்தான அமுக்குனா காட்டும், ஆனா உள்ள போய் சேராது. கரண்டு போனதுமே அழிஞ்சிடுச்சி."

விருத்தாசலம் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம்கூட இல்லை. இதை வாசலில் நிற்பவர்களிடம் எப்படிச் சொல்வது என்ற கணக்கு. புனிதா இப்போதாவது அழுவாள் என்று அமலா எதிர்பார்த்தாள். ஒரு நன்றியைக்கூட எதிர்பார்த்தாளோ என்னவோ. புனிதாவோ பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுத் திரையின் அருகே வந்து, அந்த வெள்ளை இடத்தையே பார்த்தாள்.

"அப்ப மத்தவங்களுது?"

அமலாவுக்குப் புரியவில்லை.

"திங்கக்கெழமையிலேர்ந்து போட்டோமே மேடம், அது எல்லாமே போயிடுச்சா? கரண்டு வந்தப்புறம் போட்டது?"

கரண்ட் வந்த பிறகு போட்டவற்றை அமலாவே இப்போது அணைத்துத் துடைத்திருந்தாள். ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

புனிதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணி ஊசி," என்றாள். அது யாருக்கும் சொன்னதல்ல. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "ஏ பொண்ணு, எங்க போற?" என்று விருத்தாசலம் எழுந்தார். மேசையில் அமலாவின் கைபேசி மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. அதை அங்கேயே விட்டுவிட்டு அமலாவும் ஓடினாள்.

மாடியில் பொது வார்டு. இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். மருந்து ஏற்றிய சிரிஞ்சுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு மதிய நர்ஸ் முதல் கட்டிலை நெருங்கிவிட்டிருந்தாள்.

"கீழ வைங்கக்கா! யாருக்கும் போடாதீங்க!" புனிதாவின் குரலுக்கு வார்டே எழுந்து உட்கார்ந்தது. மூச்சு வாங்க வந்து அந்தத் தட்டை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தாள். பிறகு முதல் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "ஐயா, எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்காது? நல்லா யோசிச்சி சொல்லுங்க." பதிலைக் கேட்டாள், அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். அமலாவை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அமலா வாசலிலேயே நின்றிருந்தாள். அந்த வார்டில் இருக்கும் எத்தனையோ பேரின் பெயரையும் வயதையும் அவள் திரையில் பார்த்திருக்கிறாள். ஆட்களை இப்போதுதான் பார்க்கிறாள். எதிர்வரிசையின் கடைசிக் கட்டிலுக்குப் போனாள். அறுபது வயதிருக்கும் ஒருவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, உங்களுக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது இருக்குதுங்களா?"

"இருக்குதேம்மா. அன்னிக்கே சொன்னனே. அந்தப் பொண்ணு அப்பவே கம்ப்யூட்டர்ல ஏத்திக்கினுச்சே."

"இன்னொரு தடவ சொல்லுங்க ஐயா."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஊசி போட வந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும். சட்டைக் கையை ஏற்கெனவே தோள்வரைக்கும் சுருட்டிவிட்டு, கையை அவள் பக்கமாக நீட்டி வைத்திருந்தார்.