வேலிக்கு வெளியே இருபத்தேழு பேர்

விடிவதற்கு முன்பே வறுவல் கொட்டகையில் புகை எழும்பிவிடும். அடுப்புப் புகை மாதிரி சாதுவான புகை இல்லை அது. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தீயில் கசிந்து கிளம்புகிற புகை. மூக்கில் ஏறினால் மிளகாய், கண்ணில் பட்டால் நெருப்பு. அதற்கு நடுவே, வாயில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, இரும்பு உருளையைச் சுற்றிக்கொண்டு நிற்பாள் செங்கமலம். கருகி உருண்டு விழும் கொட்டைகளை ஆறவைத்துப் பக்கத்துக் கொட்டகைக்கு அனுப்புவாள். அங்கே இருபத்தாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, மரக்கட்டையால் ஒவ்வொரு கொட்டையாகத் தட்டுவார்கள். ஓடு மட்டும் உடைய வேண்டும், பருப்பு முழுசாக வர வேண்டும். தட்டு கொஞ்சம் பலமாக விழுந்தால் பருப்பு இரண்டாகும். மேனேஜர் ஆத்மநாதனின் வாய் நான்காகும்.

குளத்தூர்ப் பக்கம் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது அந்த எழில் முந்திரிக் கம்பெனி. அடைக்கலமேரி அங்கே உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. சாம்பல் பூசினாலும் எண்ணெய் விடாது. தோலை அரித்து, கறுப்பாக்கி, உரித்துவிடும். அவள் விரல் நுனிகள் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டன. ரேஷன் கடையில் ஒவ்வொரு மாதமும் இதே கூத்துதான். "நல்லாத் துடைச்சிட்டு வைங்கம்மா" என்பான் கடைக்காரன். "துடைக்கிறதுக்கு என்னப்பா இருக்கு, தேய்ஞ்சே போச்சு" என்பாள் இவள். பின்னால் நிற்கிற கூட்டம் முணுமுணுக்கும். உழைத்த கையை அரசாங்கத்துக்கு அடையாளம் தெரியவில்லை என்றால், குற்றம் கையுடையதாகிவிடுகிறது.

கம்பெனியிலும் முதலில் விரல் மெஷின்தான் வைத்தார்கள். பாதிப் பேர் விரலை அது ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய முதலாளி படுக்கையில் விழுந்து, கோயம்புத்தூரில் படித்த மகன் எழிலரசன் பொறுப்புக்கு வந்த பிறகு, மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆப் கொண்டுவந்தான். ஒவ்வொருத்தி போனிலும் அதை ஏற்றினார்கள். காலை ஏழு மணிக்குள் கேட்டில் நின்று முகத்தைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் போன் கத்தும். பச்சை விளக்கு வந்தால் ஆள் வந்ததாகக் கணக்கு. இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளையும் நீட்டினார்கள். ரேகை இல்லாத விரல்களில் மை தடவி, அதில் கைநாட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

முகத்தைக் காட்டியாகிவிட்டது. பிறகு போனை எங்கே வைப்பது? உடைப்புக் கொட்டகை வாசலில் மூன்று வருஷமாக ஒரு போர்டு தொங்குகிறது: 'உள்ளே செல்போன் கொண்டு வரக் கூடாது – நிர்வாகம்.' போனைத் தொட்ட கை பருப்பைத் தொடக் கூடாதாம், வெளிநாட்டுக்குப் போகிற சரக்காம். போர்டு இல்லாவிட்டாலும் எவளும் கொண்டுபோக மாட்டாள். ஒருதரம் பிரகதாம்பாள் எண்ணெய்க் கையோடு மகனுடன் பேசப்போய், அந்தப் போன் அன்றோடு கண்ணை மூடியது. அதனால் போன் சாப்பாட்டுப் பைக்குள் போகும்; பை, கம்பிவேலியை ஒட்டி அந்தப் பக்கம் நிற்கிற வேப்பமரத்துக் கிளையில் தொங்கும். நாயும் எறும்பும் அண்டாத இடம் அது ஒன்றுதான். இருபத்தேழு பைகளும் அங்கே காய்த்துக் கிடக்கும்.

வேலை நடக்க நடக்கப் பேச்சும் நடக்கும்.

"நூறுநாள் வேலைக்குப் போட்டோ புடிக்கிறாங்க, ரேஷனுக்கு வெரலு, பென்சனுக்குக் கண்ணு. இன்னும் எதத்தான் கேப்பாங்களோ!" என்றாள் ரஞ்சிதா. பி.காம். முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை என்று வந்து, மூன்றாவது வருஷமாகக் கொட்டை உடைக்கிறவள்.

"தப்புப் பண்ணாதவுகளுக்கு என்னடி பயம்?" என்றாள் பிரகதாம்பாள். "எங்க தெருமுக்குல கேமரா வச்ச பொறவுதான் ஆடு களவு போறது நின்னுச்சு. இப்பச் சம்பளம் நேரா பேங்குக்கு வருது. முன்னாடி இந்த ஆத்மநாதன் கையப் பாத்துக்கிட்டு நின்னமே, மறந்துருச்சா?"

சட்டியைக் கொண்டுவந்து வைத்த செங்கமலம் சொன்னாள்: "ஆடு களவு போகலன்னா நல்லதுதான். ஆட்டுக்காரி எங்கிட்டுப் போறா, எங்கிட்டு வாரான்னு எதுக்குப் பாக்குறாக?"

"அவுக நம்மளப் பாக்க ஆப் இருக்கு. அவுகள நாம பாக்க ஒண்ணு இருந்தாச் சொல்லு ரஞ்சிதா, நானும் ஏத்திக்கிறேன்" என்றாள் அடைக்கலமேரி. கொட்டகையே சிரித்தது. அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சுதான்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, உருளையின் மூடி தெறித்தது.

மூடியை இறுக்கிப் பிடிக்கிற கொண்டி தேய்ந்துபோய் இரண்டு மாதமாகிறது. செங்கமலம் மூன்று முறை சொல்லியிருக்கிறாள். கம்பி போட்டுக் கட்டச் சொன்னார் ஆத்மநாதன். பத்தேமுக்கால் மணிக்கு அந்தக் கம்பி அறுந்தது. கொதிக்கிற எண்ணெயும் கொட்டையுமாக வாரியடித்ததில் அவளுடைய வலது கையும் முகத்தின் வலது பாதியும் வெந்துபோயின. அவள் போட்ட சத்தத்தை அடைக்கலமேரி இனி எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டாள். சரக்கு ஏற்றுகிற ஆட்டோவில் சாக்கை விரித்து, மடியில் தலையைத் தாங்கிக்கொண்டு புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அவள்தான். கை தேறிவிடும் என்றார்கள். வலது கண்ணைப் பற்றிக் கேட்டபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

பதினைந்து நாள் கழித்து வீடு திரும்பியவளைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதினான்கு பேர் போனார்கள். கண்ணில் கட்டோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். அங்கேதான் பேச்சு எழுந்தது: நஷ்ட ஈடு கேட்க வேண்டும், கொண்டியை மாற்றச் சொல்ல வேண்டும், எல்லோருமாகப் போய்க் கேட்க வேண்டும்.

மறுநாள் காலையிலேயே எழிலரசன் அடைக்கலமேரியை ஆபீசுக்குக் கூப்பிட்டான்.

"உக்காருங்க மேரிக்கா."

பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அவளுக்குக் கிடைத்த முதல் நாற்காலி அது. முதுகைச் சாய்க்காமல் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நேத்து அஞ்சு மணிக்குச் செங்கமலம் வீட்டுல பதினாலு பேர் இருந்தீங்க. ஆறேகால் வரைக்கும். என்ன விசேஷம்?"

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய், மீன் வாங்கி, குழம்பு வைத்து, துணி துவைத்து, பிறகு அவள் போன இடம் அது. அப்படியானால் கோயிலுக்குப் போனதும் தெரியும், மீன் கடைக்குப் போனதும் தெரியும். குளிக்கிறபோது யாரோ கீற்றை விலக்கிப் பார்த்த மாதிரி உடம்பு கூசியது.

"ஒடம்பு முடியாத மனுஷியப் பாக்கப் போனோம் சார். லீவு நாள்ல எங்கிட்டுப் போனா என்ன?"

"தப்புன்னு நான் சொல்லலியே. சும்மா கேட்டேன்." சிரித்தான். கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். மேலிருந்து எடுத்த படத்தில் கம்பெனியின் கூரைகள் தெரிந்தன. சுற்றிலும் சிவப்புக் கோடு. "அன்னைக்கு ஆக்சிடென்ட் நடந்தது பத்தே முக்கால். செங்கமலம் எங்க இருக்காங்க பாருங்க." கோட்டுக்கு வெளியே ஒரு நீலப் புள்ளியில் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினான். "காம்பவுண்டுக்கு வெளியில. வேலை நேரத்துல வெளிய போயிருக்காங்க, திரும்பி ஓடி வந்தப்ப என்னவோ ஆயிருக்கு. அதுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்? அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நீங்க. சாட்சின்னு இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"அவ உருளையச் சுத்திக்கிட்டு நின்னா சார். எங் கண்ணால பாத்தேன்."

"கண்ணு தப்பாப் பாக்கும்கா. மெஷின் பொய் சொல்லாது. இப்ப கவர்மெண்டே இதத்தானே நம்புது?" குரலை இன்னும் இதமாக்கினான். "ஆத்மநாதன் சாருக்கு வயசாச்சு. உடைப்புக்கு ஒரு சூப்பர்வைசர் வேணும். பொம்பளயாளா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்."

மகள் ஷீபா திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். சூப்பர்வைசர் என்றால் கையில் எண்ணெய் படாது. வலிக்காமல் சோறு பிசையலாம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அடைக்கலமேரி அதையெல்லாம் நினைத்தாள். நினைத்ததற்காகப் பிறகு அவள் தன்னையே வெகுநேரம் ஏசிக்கொண்டாள்.

தாளை வாங்கக் கை நீட்டியபோதுதான் அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தாள். நீலப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி. அதன்மேல் இன்னொன்று. கோட்டுக்கு வெளியே, ஒரே இடத்தில், எறும்பு மொய்த்த மாதிரி அத்தனை புள்ளிகள். அந்த இடம் அவளுக்குத் தெரியும். அது வேப்பமரம். அன்றைக்குச் செங்கமலத்துக்கு நேரமாகிவிட்டது என்று, அவள் பையை வாங்கிக் கிளையில் மாட்டியதே அடைக்கலமேரிதான்.

"இதெல்லாம் யாரு சார்?"

"எது?"

"இந்தப் புள்ளியெல்லாம். இதுல நான் எது?"

அவன் அம்பைப் படத்தை விட்டு நகர்த்தினான்.

"அன்னைக்கு நாங்க இருபத்தேழு பேரும் வெளியிலதான் நின்னமா? அப்ப உள்ள ஒடஞ்ச பருப்பெல்லாம் யாரு ஒடச்சது? ஒங்க மெஷினா?"

"போனை எப்பவும் கூட வச்சிருப்பேன்னு கைநாட்டு வச்சிருக்கீங்க" என்றான். இதம் போய்விட்டிருந்தது. "வைக்கலன்னா அது உங்க தப்பு. நான் நெனச்சா இருபத்தேழு பேரையும் நிறுத்தலாம்."

"உள்ள கொண்டு வரக் கூடாதுன்னு ஒங்க போர்டு தொங்குதே சார்?"

"அது அப்பா வச்ச போர்டு."

"அதக் கழட்டாம விட்டது நீங்கதானே."

கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினான். அவள் அந்தத் தாளைத் தொடாமலே எழுந்து வந்தாள்.

மத்தியானம் மரத்தடியில் சோற்றுப் பையைப் பிரித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சூப்பர்வைசர் வேலை தருவதாகச் சொன்னதையும், ஒரு நொடி மனசு சபலப்பட்டதையும், பையை மாட்டியது தான்தான் என்பதையும் மறைக்கவில்லை. சிலர் சாப்பிடாமலே டப்பாவை மூடினார்கள்.

ரஞ்சிதாதான் முதலில் பேசினாள். "லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடுப்போம்கா. ஆனா செங்கமலத்தக்கா போனு மரத்துலதான் தொங்குச்சுன்னு சொன்னா மட்டும் நிக்காது. என் போனும் அங்கதான் இருந்துச்சுன்னு ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போடணும். அப்பத்தான் புள்ளி பொய்யின்னு ஆகும்."

"போட்டா நம்மளயும் நிறுத்துவான்" என்றாள் ஒருத்தி.

"நிறுத்துவான்தான்" என்றாள் ரஞ்சிதா.

ஒருத்திக்கு மகள் பிரசவம், ஒருத்திக்குக் குழுக் கடன், ஒருத்திக்குக் குடிகாரப் புருஷன். அவரவர் சுமை அவரவர் முகத்தில் தெரிந்தது. பிரகதாம்பாள் வேலிக்கு அப்பால் வறுவல் கொட்டகையைப் பார்த்தபடி இருந்தாள். உருளையில் இப்போது புதிதாக ஒருத்தி நின்றாள். மூடியில் அதே கம்பிக் கட்டு.

"தப்புப் பண்ணாதவுகளுக்கு என்ன பயம்னு சொன்னேன் பாரு, என் வாயச் செருப்பால அடிக்கணும்" என்றாள் பிரகதாம்பாள். "அவ என்ன தப்புப் பண்ணுனா? எழுதுடி ரஞ்சிதா. மொதப் பேரு என் பேரு."

எப்படிப் போவது என்று அடுத்த பேச்சு வந்தது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அவனுக்குத் தெரியாது என்றாள் ஒருத்தி. நல்ல யோசனை என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அடைக்கலமேரிக்கு ஆபீஸ் அறையில் உடம்பு கூசியது நினைவுக்கு வந்தது.

"நாம என்ன களவாணிகளா, ஒளிஞ்சு போறதுக்கு? எப்பவும் கூட வச்சிருக்கணும்னுதானே கைநாட்டு வாங்குனான்? வச்சிருப்போம். நல்லாப் பாக்கட்டும்."

புதன்கிழமை காலை கேட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாப்பில் கூடினார்கள். ஐந்து பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அதில் ஒருத்தி பஸ்சுக்கு என்று தன் பங்குக்கு ஒரு தூக்கு இட்லி கொடுத்து அனுப்பியிருந்தாள். மகன் கையைப் பிடித்துக்கொண்டு செங்கமலமும் வந்தாள். அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள் அடைக்கலமேரி. மனு அவள் மடியில் இருந்தது. புதுக்கோட்டை லேபர் ஆபீஸில் என்ன சொல்வார்கள், மனுவை வாங்குவார்களா, அலைய விடுவார்களா, நாளைக்கு வேலை இருக்குமா, ஒன்றும் தெரியாது.

மணி ஏழானது. முதலில் ரஞ்சிதாவின் போன் கத்தியது. 'நீங்கள் பணியிட எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள்.' பிறகு பிரகதாம்பாளுடையது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக, பஸ் முழுக்க. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல அலாரமா?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். யாரும் போனை அணைக்கவில்லை.

கட்டுப் போட்ட முகத்தைச் சாய்த்து, செங்கமலம் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன அடிச்சுச்சு மேரி?"

"இருபத்தொண்ணுக்கா."

"என்னோடது அடிக்கலியே?"

அடைக்கலமேரி அவள் மடியிலிருந்த போனை எடுத்துப் பார்த்தாள். ஆப் இருந்தது, பெயர் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே எடுத்துவிட்டிருக்கிறார்கள். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பொய் சொல்லவும் மனமில்லை.

"ஒன்னையப் பட்டியல்லருந்து எடுத்துட்டாங்கக்கா. ஒன் போனு இனிமே பேசாது."

செங்கமலம், வெந்து தோலுரிந்த வலது கையால் அடைக்கலமேரியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாட்டிப் போகுது" என்றாள். "எங்க நின்னேன்னு நானே வாயால சொல்லிக்கிறேன்."