ஸ்கூட்டரிடம் சொன்னது

அந்தத் தெருவில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். ஒரு பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் குடும்பம், மறுபக்கம் மெத்தை தைத்து விற்கிறவர் குடும்பம். கண்ணாடிக் கடைக்காரரைத் தெருவே கம்பியார் என்றுதான் அழைத்தது. எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாமல் நடப்பார். நாற்காலியில் உட்கார்ந்தாலும் சாய்மானம் தன் மேல் படாமல் பார்த்துக்கொள்வார். அந்தப் பெயர் காதில் விழுந்ததாக அவர் ஒருபோதும் காட்டிக்கொண்டதில்லை. உள்ளூர அதில் அவருக்குப் பெருமைதான்.

இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அது அப்பாக்கள் காலத்திலேயே நின்றுபோன ஒன்று. கம்பியார் வீட்டார் கடவுளை வாய்விட்டுப் பாடி வணங்குகிறவர்கள். பொழுது விடிந்தால் பாட்டுச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். மெத்தைக்காரர் வீட்டாருக்கு வேறு மதம். அவர்கள் கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்து வணங்குவார்கள். ஒரு நாள் காலை மெத்தைக்காரரின் அப்பா மொட்டை மாடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "ஏங்க, உங்க கடவுளுக்குக் காது கேக்காதா?" என்று கேட்டுவிட்டார். கம்பியாரின் அப்பா சும்மா விடுவாரா? "நல்லாக் கேக்கும். நீங்க முணுமுணுக்குறதுதான் எந்தக் கடவுளுக்கும் கேக்காது" என்றார்.

அவ்வளவுதான். இரண்டு கடவுள்களும் அதைப் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை. வீடுகள் இரண்டும் விடவில்லை. கம்பியாரின் அப்பா கண்ணை மூடுவதற்கு முன் மகனின் கையைப் பிடித்து, "அந்த வீட்டு வாசப்படியை மிதிக்காதே. முதல்ல வாயைத் திறக்கிறவன்தான் தோத்தவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாக்கைக் கம்பியார் குடும்பச் சொத்தைப் போலக் காத்துவந்தார்.

பேசுவதில்லையே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்ததில்லை. கம்பியார் வாசலில் ஒரு பழைய நீல ஸ்கூட்டர் நிற்கும். மெத்தைக்காரர் வாசலில் மூங்கில் ஏணி ஒன்று சாய்ந்திருக்கும். கம்பியாருக்கு ஏதாவது தோன்றினால் ஸ்கூட்டர் பக்கம் திரும்பி, "ஏன்டா ஸ்கூட்டரு, பொழுதன்னிக்கும் பஞ்சைத் தட்டிக்கிட்டே இருந்தா அக்கம்பக்கத்துல மனுஷன் மூச்சு விட வேணாமா?" என்பார். மெத்தைக்காரர் உடனே ஏணியைத் தடவிக்கொடுத்து, "காலங்காத்தால சிலர் பாடுற பாட்டைக் கேட்டு நீ மேலேயே ஏறிப் போயிடலாம்னு பாக்குற. எனக்குப் புரியுது ஏணி. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்பார். மழை பெய்தால் போதும், "அடேய் ஸ்கூட்டரு, சில பேர் மொட்டை மாடியில தண்ணி நிக்குதுடா! நீச்சல் குளமே கட்டிட்டாங்க போல" என்று கம்பியார் ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது மருமகள் இந்தப் பேச்சை எடுத்தாள். மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் கம்பியாரை எதிர்த்துப் பேசும் துணிச்சல் மருமகள் ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள்.

"அவங்க பொண்ணுக்குச் சம்பந்தம் பேச வர்றாங்களாம் மாமா. நல்லது நடக்குற நேரத்துலயாவது இந்தப் பகையை விடக் கூடாதா?"

"எப்படிம்மா விடுறது? அது ரத்தத்துலயே இருக்கு. மனுஷனாப் பொறந்தா எவனையாவது வெறுத்துத்தான் ஆகணும். மதம்னு ஒண்ணு இருந்தா அதுக்கு எதிர்ல இன்னொண்ணு இருக்கும். நான் என்ன புதுசாவா கண்டுபிடிச்சேன்?"

"தினமும் ரத்தத்தைத்தான் மாமா பாக்குறேன். சக்கரை தெரியுது, உப்பு தெரியுது, கொழுப்பு நல்லாவே தெரியுது. நீங்க சொல்றது மட்டும் இன்னிக்கு வரைக்கும் கண்ணுல படல."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனுக்குப் புரையேறியது.

"உங்க மிஷினுக்கு ஒரு கண்ணாடி போடணும். கடைக்குக் கொண்டா, நானே பாத்துப் போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பியார் கை கழுவ எழுந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று கம்பியார் வீட்டில் தனியாக இருந்தார். மகன் கடையில், மருமகள் மருத்துவமனையில். பக்கத்து வீட்டுக்கு ஒரு கார் வந்து நின்றதையும், பளபளவென்று நாலைந்து பேர் இறங்கியதையும், மெத்தைக்காரர் கஞ்சி போட்ட சட்டையில் விறைத்துப்போய் வரவேற்றதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல், செடிக்குத் தண்ணீர் ஊற்ற மொட்டை மாடிக்கு ஏறினார்.

அங்கேதான் அந்தக் காட்சி. விருந்தாளிகள் வருகிறார்களே என்று மெத்தைக்காரர் காலையில் மாடியைக் கழுவ ஆரம்பித்திருக்கிறார். பாதியில் குழாயில் தண்ணீர் நின்றுபோயிருக்கிறது. குழாயை மூட மறந்து அப்படியே கீழே இறங்கிவிட்டார். இப்போது தண்ணீர் திரும்ப வந்துவிட்டது. ரப்பர் குழாய் பாம்பு போல நெளிந்து, மாடி அறைக்குள் தலையை நீட்டித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த அறையில்தான் பெண்ணுக்குக் கொடுப்பதற்காகப் பார்த்துப் பார்த்துத் தைத்த புது மெத்தைகள் இருந்தன. அறைக்கு நேர் கீழே கூடம். கூரை ஒழுகுகிற கூடம். ஒழுகும் என்பதைக் கம்பியாரே ஸ்கூட்டரிடம் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் சம்பந்தி தலையில் சொட்டும்.

கம்பியார் படிகளில் இறங்கி வாசலுக்கு ஓடினார். மெத்தைக்காரர் கார் டிரைவருக்குத் தேநீர் கொடுக்க வெளியே வந்திருந்தார். நல்ல சமயம். கம்பியார் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னார்: "அடேய் ஸ்கூட்டரு! சில பேர் மொட்டை மாடியில தண்ணிடா! ரூமுக்குள்ள போகுதுடா!"

மெத்தைக்காரரின் முகம் சிவந்தது. மழைக்கு மழை கேட்டுப் புளித்த அதே வசனம். வெயில் கொளுத்துகிற நாளில், அதுவும் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது! அவர் ஏணியின் அருகே போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏணி, சில பேருக்கு இன்னிக்கு ஒரு நாளாவது நாக்கு அடங்காதா? ஒரு பொண்ணு வாழ்க்கை ஏணி, ஒரு பொண்ணு வாழ்க்கை!" என்றார்.

"ஸ்கூட்டரு, நெஜமாத்தான்டா சொல்றேன்!"

"ஏணி, நெஜத்துக்கும் அந்த வாய்க்கும் என்ன சம்பந்தம்?"

கதவு படாரென்று மூடியது. கம்பியார் மூடிய கதவைப் பார்த்தார். கதவைத் தட்டி, "ஐயா, உங்க மாடியில குழாய் திறந்திருக்கு" என்று சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் அது முதலில் பேசுவதாகிவிடும். ஊரார் முன்னால், சம்பந்திகள் முன்னால், அப்பாவின் வாக்கு போய்விடும். சொல்லாமல் விட்டால்? அந்த வீடு இன்று தலைகுனியும். இரண்டு தலைமுறையாகக் காத்திருந்த வெற்றி, குழாயைத் தொடாமலேயே கைக்கு வந்துவிடும்.

இதையெல்லாம் அவர் யோசித்தது உண்மை. ஆனால் யோசித்து முடித்தபோது தான் மாடியில் நிற்பதையும், துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரு காலை அந்தப் பக்கம் போட்டிருப்பதையும் கண்டார். கால்கள் முன்னால் வந்துவிட்டன. வெறுப்பு பின்னாலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தது.

அந்தப் பக்கம் தரை கொஞ்சம் பள்ளம். தொப்பென்று குதித்தார். குழாயை மூடினார். அறைக்குள் பாதம் நனையத் தண்ணீர். அடி மெத்தை ஓரம் நனைய ஆரம்பித்திருந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே கொண்டுவந்து, காய்ந்த சுவரில் சாய்த்தார். கடைசி மெத்தையைக் கட்டிப்பிடித்துத் தூக்கும்போதுதான் வெறுப்பு அவரை எட்டிப் பிடித்து, "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டது. "ஜெயிக்கணும்னா நான் ஜெயிக்கணும். ஒரு ரப்பர் குழாய் ஜெயிச்சுக் குடுத்தா அது எங்க குடும்பத்துக்குக் கேவலம்" என்று மனதுக்குள் பதில் சொன்னார். பதில் அவருக்கே திருப்தியாக இருந்தது.

அப்போது படிக்கட்டுக் கதவு திறந்தது. "நானே என் கையால தைச்சது, பாருங்க" என்றபடி மெத்தைக்காரர் வந்தார். பின்னால் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும். எதிரே, கணுக்கால் வரை நனைந்து, ஒரு மெத்தையைக் குழந்தை போல் அணைத்தபடி, முதுகு மட்டும் வளையாமல், கம்பியார்.

"இவர் யாரு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

மெத்தைக்காரர் குழாயைப் பார்த்தார். ஈரத் தரையைப் பார்த்தார். சுவரில் வரிசையாகச் சாய்ந்திருந்த மெத்தைகளைப் பார்த்தார். வாசலில் கேட்ட வசனம் இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பக்கத்து வீட்டுப் பெரியவர். நான் குழாயை மூட மறந்துட்டேன். அவர்தான் எல்லாத்தையும் காப்பாத்தியிருக்காரு" என்று சம்பந்தியிடம் சொன்னார். கம்பியாரிடம் அல்ல. வாக்கு அந்த வீட்டிலும் உண்டு.

"வாங்க ஐயா, கீழ போய்த் துவட்டிக்கலாம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

கீழே போனால் வாசப்படியை மிதித்துத்தான் வெளியேற வேண்டும். "வேணாம்மா. வந்த வழியே போறேன்" என்றார் கம்பியார். சுவரைப் பார்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து அது அவர் கழுத்து உயரம். மெத்தைக்காரர் எதுவும் கேட்காமல் ஏணியை எடுத்துவர இறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் மாப்பிள்ளையின் அப்பா கம்பியாரின் அருகே வந்தார். "ஐயா, எங்களுக்கு ஒரே பையன். பக்கத்துலயே இருக்கிறவர் நீங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. இந்தக் குடும்பம் எப்படி?"

கம்பியாரின் வாழ்நாளில் இப்படியொரு கேள்வி அவரிடம் வந்ததில்லை. ஒரு 'ம்ம்' போதும். ஒரு பெருமூச்சு போதும். கார் கிளம்பிவிடும். அவர் மெத்தையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த ஆளை எனக்குப் பிடிக்காது. எங்க அப்பா காலத்துலேர்ந்தே பிடிக்காது. அவங்க மதம் வேற, எங்க மதம் வேற. அதனால வேற யாரையும் விட இவனை நான்தான் நல்லாக் கவனிச்சிருக்கேன். பழைய பஞ்சை உள்ளே வச்சுத் தைக்கிறானான்னு இந்தச் சுவத்துல எட்டி எட்டிப் பாத்தேன். தைக்கல. குடிச்சிட்டு வர்றானான்னு பாத்தேன். வரல. பெண்டாட்டியை அதட்டுறானான்னு சுவத்துல காதை வச்சே கேட்டேன். அந்தம்மாதான் இவனை அதட்டுது."

மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார்.

"பொண்ணு?"

கம்பியார் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் வாசல்ல எனக்குத் தலை சுத்திருச்சு. அந்தப் பொண்ணு தண்ணி கொண்டாந்துச்சு. அவங்க வீட்டுத் தண்ணியாச்சே, நான் வாங்கல. 'சரி தாத்தா, இங்க வச்சுட்டேன், நான் பாக்கல'ன்னு திரும்பி நின்னுக்கிச்சு. குடிச்சேன். இன்னிக்கு வரைக்கும் அதை அது யார்கிட்டயும் சொன்னதா எனக்குத் தெரியல. அப்படி ஒரு பொண்ணு உங்க வீட்டுக்கு வருதுன்னா நீங்க குடுத்து வச்சவங்க. ஒரு பொண்ணைப் பத்திப் பொய் சொல்ற வழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது."

படிக்கட்டின் மேல்படியில், தோளில் ஏணியோடு மெத்தைக்காரர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கண்ணில் தூசி விழுந்தவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஞ்சு வேலை பார்க்கிறவர்களுக்கு அது வழக்கம்தான்.

சிரித்தபடி விருந்தாளிகள் கீழே இறங்கினார்கள். இருவரும் தனியானார்கள். மெத்தைக்காரர் ஏணியைச் சுவரில் சாய்த்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். கம்பியார் ஏறத் தொடங்கினார். பாதி ஏறியதும் கீழேயிருந்து மெல்லிய குரல் வந்தது:

"ஏணி, ஆடாம நில்லு. பெரியவருக்கு வயசாயிடுச்சு. முதுகு வேற கூன் விழுந்துருச்சு."

கம்பியார் சடாரென்று திரும்பினார். "யாருக்குய்யா கூன்? நல்லாக் கண்ணைத் திறந்து பாரு! உனக்கு என்ன நம்பர் கண்ணாடின்னு தெரியல, நாளைக்கே கடைக்கு வா!"

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. சொன்னது ஸ்கூட்டரிடம் அல்ல.

மெத்தைக்காரர் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டு, மீசைக்குள் சிரித்தார். கம்பியார் எவ்வளவு மிடுக்காக முடியுமோ அவ்வளவு மிடுக்காகச் சுவரைத் தாண்டி, தன் வீட்டுப் பக்கம் இறங்கினார்.

மாலையில் வேலை முடிந்து வந்த மருமகளுக்குச் செய்தி முன்பே எட்டியிருந்தது. துணிக்கொடியின் வழியாகப் பெண்களுக்குள் பேச்சு என்றைக்குமே நின்றதில்லை.

"சம்பந்தம் முடிவாயிடுச்சாம் மாமா. அப்புறம், நீங்கதான் முதல்ல பேசுனீங்களாமே?"

"பேசல. தப்பாச் சொன்னான், திருத்தினேன்."

"ரத்தத்துலயே இருக்குன்னீங்களே, அது என்ன ஆச்சு?"

கம்பியார் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். "இருக்கும்மா. இல்லைன்னு சொல்லல. கால் வரைக்கும் ஓடல போல."

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குக் குக் என்று ஒரு சத்தம், அடக்கியும் அடங்காமல், வந்துகொண்டிருந்தது. கம்பியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்து அதட்டினார்.

"சுவத்துல காதை வச்சு ஒட்டுக் கேக்குறது மரியாதை இல்ல!"

"அதை யாரு சொல்றதுன்னு பாருங்களேன்!" என்றது அந்தப் பக்கம்.