சுவருக்கு அப்பால் சூடேறிய சீசியம்

ஜெர்மனியில் மியூனிக் நகருக்கு வடக்கே எங்கள் ஆய்வுக்கூடத்தில் அயனிக் கற்றையைப் பாய்ச்சும் கருவிகள், அதாவது அயனி மூலங்கள், இரண்டு இருந்தன. ஒன்று கோர்பினியனுடையது, மற்றது வ்ரோனியுடையது. பெரிய அணுக்கரு இணைவு உலையைச் சூடேற்ற ஒன்றைத்தான் எடுப்பார்கள், மற்றதை அறுத்துப்போடுவார்கள். நான் மின்னழுத்தம் பார்ப்பவன், அதனால் இரண்டு பேருக்கும் பொது.

கோர்பினியனுக்குப் பொறாமை வந்தால் உடம்பு கொதிக்கும். சட்டைப்பையில் வைத்த பிரெட்சல் ரொட்டி பொன்னிறமாக வறுபட்டதை நானே தின்றிருக்கிறேன். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

தேர்வு நாளன்று அவனுடைய அயனி மூலம் முதலில் ஓடியது, குறையில்லை. அடுத்து வ்ரோனி. அவளுடைய சீசியம் அடுப்பின் சூடேற்றும் கம்பி அறுந்துபோனது. சீசியம் ஆவியாகி உள்ளே தட்டின்மேல் மெல்லிசாகப் படிந்தால்தான் அயனி வரும். கற்றை சோரத் தொடங்கியது.

"கோர்பினியன், நீ ஜெயிச்சாச்சு. வா, வெள்ளை சாசேஜ் சாப்பிடலாம், இந்த ஊர்ல மதியம் பன்னிரண்டு அடிச்சா அது கிடைக்காது" என்றேன்.

"இரு, அவ முகத்தைப் பாத்துட்டு வரேன்."

அங்கேதான் தப்பு. தேர்வுக்குழுத் தலைவர் அவனுக்குக் கேட்கும்படியே சொன்னார்:

"கம்பி அறுந்தும் பதறாம இருக்கா பாருங்க. இப்படி ஒரு ஆள் நம்மகிட்ட வேற யாரு?"

கோர்பினியன் நடந்துபோய் வ்ரோனியின் கூடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டான். இரண்டு மீட்டர் கான்கிரீட். நியூட்ரானை நிறுத்தும் சுவர், கோர்பினியனை நிறுத்தவில்லை. உள்ளே அடுப்பு மெல்லச் சூடேறியது. கற்றை நிமிர்ந்தது. நிமிர்ந்ததைப் பார்த்து அவன் இன்னும் கொதித்தான், அது இன்னும் நிமிர்ந்தது.

"அந்தாளைத் தள்ளிக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று அவன் குழுவினரே கெஞ்சினார்கள். தொட்டவர் கையை உதறிக்கொண்டார்.

தேர்வுக்கான ஒரு மணி நேரமும் கற்றை ஆடாமல் நின்றது, அவனுடையதைவிட வலுவாக. வ்ரோனி ஜெயித்தாள். அவனுடைய அயனி மூலத்தை அடுத்த வாரமே அறுத்தார்கள்.

அறுத்து முடிந்ததும் வ்ரோனி வந்தாள்.

"என் பக்கம் வந்துடு, கோர்பினியன். சுவரோரமா நாற்காலி போட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"புதுக் கம்பி வர மூணு மாசமாகுமாம்."

"வேற ஆளைப் பாரு."

"உன்னை மாதிரி யாருப்பா இருக்கா?"

போனான். கற்றை கொஞ்சம் தளர்ந்தால் அவள் ஒலிபெருக்கியில் சாவகாசமாகச் சொல்வாள்:

"ஜப்பான்லேருந்து என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்கப்பா."

நான் கற்றையை அளக்கும் மானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏறும்.